இந்தோனேசிய மொழியில் முகமனும் மரியாதையும்: புதிதாகச் செல்வோருக்கான வழிகாட்டி

வேலைக்காகவோ படிப்புக்காகவோ ஜகார்த்தா, சுரபாயா, யோக்யகார்த்தா, மேடான் போன்ற நகரங்களுக்குச் செல்லும் தமிழர்களில் பலர் புறப்படுவதற்கு முன்பே பத்துப் பன்னிரண்டு இந்தோனேசியச் சொற்களை மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். காலை வணக்கத்துக்கு ‘ஸெலாமத் பாகி’, நன்றிக்கு ‘தெரிமா காஸிஹ்’, மன்னிப்புக்கு ‘மஅஃப்’ என்று அந்தப் பட்டியல் நீளும். போய் இறங்கியதும் அவற்றைச் சொல்லவும் செய்கிறார்கள். ஆனாலும் எதிரில் இருப்பவரின் முகத்தில் எதிர்பார்த்த மலர்ச்சி வருவதில்லை. சொன்ன சொல் சரியாகத்தான் இருக்கிறது, இருந்தும் ஏதோ மொட்டையாக நிற்கிறது.

அந்தக் குறை எங்கே இருக்கிறது என்பதைத் தமிழ் பேசுகிறவர்களுக்கு விளக்குவது எளிது. நாம் மரியாதையை வினைச்சொல்லின் விகுதியில் வைத்திருக்கிறோம். ‘வா’ என்பதை ‘வாங்க’ என்று மாற்றினால் போதும்; எதிரில் இருப்பவரின் பெயரையோ உறவையோ சொல்லாவிட்டாலும் மரியாதை வந்துவிடும். இந்தோனேசிய வினைச்சொல்லுக்கு அப்படி ஒரு விகுதி கிடையாது. குழந்தையிடம் பேசினாலும் அமைச்சரிடம் பேசினாலும் சாப்பிடுவதற்கு ‘மாக்கான்’, உட்காருவதற்கு ‘தூதுக்’ என்ற ஒரே வடிவந்தான். ஆகவே மரியாதையின் பெரும்பங்கு, எதிரில் இருப்பவரை எப்படி அழைக்கிறோம் என்கிற விளிச்சொல்லில் போய்த் தங்கிவிடுகிறது. ‘ஸெலாமத் பாகி’ என்று மட்டும் சொல்வது, நம் ஊரில் பெரியவர் ஒருவரைப் பார்த்து ‘வா’ என்று நிறுத்திக்கொள்வதற்கு ஏறக்குறைய சமம். ‘ஸெலாமத் பாகி, பாக்’ என்று ஒரேயொரு அசையைச் சேர்த்தால் அது ‘வாங்க ஐயா’ ஆகிவிடுகிறது. இந்த ஒன்றைப் பழகிக்கொண்டால் மற்றவை எல்லாம் தாமாகவே இடத்தில் அமரும்.

முதல் படி: காதைப் பழக்குதல்

இந்தோனேசிய மொழியின் ஒலிகள் தமிழருக்குப் பெரிதும் இணக்கமானவை. எனினும் நம் எழுத்துமுறை சில வேறுபாடுகளை மறைத்துவிடுவதால், இக்கட்டுரையில் தமிழ் எழுத்தில் தரப்பட்டுள்ள சொற்களை உள்ளூர்க்காரர் ஒருவரின் வாயிலிருந்து ஒருமுறையாவது கேட்டுச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

தமிழில் ‘பகல்’ என்பதன் பகரமும் ‘கம்பம்’ என்பதில் நடுவே வரும் பகரமும் ஒரே எழுத்து. இந்தோனேசிய மொழியில் அவை இரண்டு வெவ்வேறு எழுத்துகள். காலையைக் குறிக்கும் ‘பாகி’ என்ற சொல்லில் முதல் எழுத்து ‘பகல்’ என்பதன் பகரம், இரண்டாவது எழுத்து ‘தங்கி’ என்பதன் ககரம். முதல் எழுத்தை ‘கம்பம்’ என்பதுபோல மென்மையாக ஒலித்தால் அது ‘பங்கிடு’ என்று பொருள்படும் வேறொரு சொல்லாகிவிடும். ஐயா என்று பொருள்படும் ‘பாக்’ வல்லோசையில் தொடங்குகிறது. அம்மா என்று பொருள்படும் ‘பு’, நலம் என்று பொருள்படும் ‘பாய்க்’, அண்ணன் என்று பொருள்படும் ‘பாங்’ ஆகிய மூன்றும் ‘கம்பம்’ என்பதன் பகரத்தில் தொடங்குகின்றன.

இதைவிட நுட்பமான இடர் ஒன்று உண்டு. மெல்லினத்துக்குப் பின் வரும் வல்லினத்தைத் தமிழ் நாக்கு தானாகவே மென்மையாக்கிவிடும். ‘வரை’ என்று பொருள்படும் ‘ஸாம்பாய்’, ‘கேட்டுக்கொள்கிறேன்’ என்று பொருள்படும் ‘மின்தா’ ஆகியவற்றில் பகரமும் தகரமும் வல்லோசையாகவே நிற்க வேண்டும். ‘ஸாம்’ என்று நிறுத்தி, பிறகு ‘பாய்’ என்று புதிதாகத் தொடங்குவதுபோல ஒரு வாரம் பயிற்சி செய்தால் இது சரியாகிவிடும்.

‘ஸெலாமத்’, ‘தெரிமா’ ஆகியவற்றின் முதல் உயிர், நாம் எழுதும் எகரத்தைவிடத் தளர்ந்தது. வேகமாகப் பேசும்போது அவை ‘ஸ்லாமத்’, ‘த்ரிமா’ என்றே காதில் விழும். மாலைப்பொழுதைக் குறிக்கும் ‘ஸோரே’ என்பதில் வருவதோ தெளிவான ஏகாரம். ‘பாக்’ என்பதன் ஈற்றுக் ககரத்தை வெளியே விடாமல் தொண்டையிலேயே அடைத்துவிட வேண்டும். ‘காஸிஹ்’ என்பதன் ஈற்றில் ஒரு மெல்லிய மூச்சு இருக்கிறது. நண்பகலைக் குறிக்கும் ‘ஸியாங்’ என்பதில் முதல் அசை கண்டிப்பாக ‘ஸி’ என்றே ஒலிக்க வேண்டும். அது ‘ஸாயாங்’ என்று மாறிவிட்டால் பொருள் ‘அன்பே’ என்றாகிவிடும். முன்பின் தெரியாத ஒருவரிடம் அப்படிச் சொல்வது சங்கடத்தை உண்டாக்கும்.

இரண்டாம் படி: யாரை எப்படி அழைப்பது

நேரத்தை அதிகம் செலவிட்டுக் கற்க வேண்டிய பகுதி இதுதான். தந்தையைக் குறிக்கும் ‘பாப்பாக்’ என்ற சொல்லின் சுருக்கம் ‘பாக்’. தாயைக் குறிக்கும் ‘இபு’ என்ற சொல்லின் சுருக்கம் ‘பு’. வயதில் மூத்தவர், பதவியில் உள்ளவர், திருமணமாகிக் குடும்பமாக வாழ்பவர், ஆசிரியர், மருத்துவர், வீட்டுக்காரர், காவலாளி என அனைவருக்கும் இவை பொருந்தும். நம் ஊரில் பேருந்தில் பக்கத்தில் இருப்பவரை ‘அண்ணே’ என்றும் கடையில் இருப்பவரை ‘அக்கா’ என்றும் அழைத்துப் பழகியவர்களுக்கு இந்த முறை அந்நியமாகத் தோன்றாது. ஆட்சித்தலைவரையும் இப்படித்தான் அழைக்கிறார்கள். முன்னாள் குடியரசுத் தலைவர் ஜோகோ விடோடோவை மக்கள் ‘பாக் ஜோகோவி’ என்றே குறிப்பிடுவார்கள்.

பெயரோடு சேர்க்கும்போது விளிச்சொல் முன்னால் வரும். அவரவருடைய சொந்தப் பெயரைத்தான் சேர்ப்பார்கள். சாவகத் (ஜாவா) தீவில் குடும்பப்பெயர் என்ற வழக்கம் பெரும்பாலும் இல்லை. சுகர்ணோ, சுகார்த்தோ என்று ஒற்றைப் பெயரோடு வாழ்ந்தவர்கள் அந்நாட்டின் தலைவர்களாகவே இருந்திருக்கிறார்கள். முதலெழுத்தை மட்டும் முன்னால் வைத்துக்கொண்டு குடும்பப்பெயர் இல்லாமல் வாழும் தமிழர்களுக்கு இது ஒரு நிம்மதி. குமார் என்பவர் அங்கே ‘பாக் குமார்’ ஆகவோ ‘மாஸ் குமார்’ ஆகவோ எளிதாக இருந்துவிடலாம்.

‘மாஸ்’ என்பதும் ‘ம்பாக்’ என்பதும் சாவக மொழியிலிருந்து வந்தவை. தம்மை ஒத்த வயதுடைய அல்லது சற்றே மூத்த ஆணையும் பெண்ணையும் இவ்வாறு அழைப்பார்கள். உணவகத்தில் பரிமாறுபவர், கடையில் பணிபுரியும் இளம்பெண், அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் ஆகியோருக்கு இவை ஏற்றவை. விரலைச் சொடுக்கியோ ‘ஹலோ’ என்றோ அழைப்பது அங்கே மிகவும் முகஞ்சுளிக்க வைக்கும். ‘ம்பாக்’ என்று மெல்ல அழைத்தால் போதும். ஜகார்த்தாவிலும் மேடானிலும் இருசக்கர வாடகை வண்டி ஓட்டுநரை ‘பாங்’ என்பார்கள். சுந்தா மொழி பேசும் பாண்டுங் பக்கத்தில் ஆண்களுக்கு ‘காங்’, பெண்களுக்கு ‘தேதே’. மேற்குச் சுமத்ராவின் மினாங்கபாவ் மக்களிடம் ‘ஊதா’, ‘ஊனி’. பாலியில் ‘ப்லி’, ‘ம்போக்’. டச்சுக்காரர் விட்டுச்சென்ற ‘ஓம்’, ‘தாந்தே’ ஆகியவை மாமா, அத்தை என்ற பொருளில் நண்பர்களின் பெற்றோரை அழைக்க இன்றும் வழங்குகின்றன. எந்தச் சொல் பொருந்தும் என்று தெரியாத இடத்தில் ‘காக்’ என்பது கைகொடுக்கும். மூத்த உடன்பிறப்பைக் குறிக்கும் ‘காக்காக்’ என்பதன் சுருக்கமாகிய இது, ஆண் பெண் இருபாலருக்கும் பொதுவானது. பெருநகரக் கடைகளில் விற்பனையாளர்கள் வாடிக்கையாளர் அனைவரையும் இப்போது இப்படித்தான் அழைக்கிறார்கள்.

பாடநூல்கள் ‘நீங்கள்’ என்பதற்கு ‘ஆண்டா’ என்ற சொல்லைக் கற்பிக்கும். 1950களில், வயதும் தகுதியும் பாராத பொதுவான முன்னிலைச் சொல் ஒன்று வேண்டும் என்ற எண்ணத்தில் புழக்கத்துக்குக் கொண்டுவரப்பட்ட சொல் இது. விளம்பரங்களிலும் படிவங்களிலும் அறிவிப்புகளிலும் இது நன்றாக நிலைத்துவிட்டது. நேரில் பேசும்போதோ, பெரியவர் ஒருவரைப் பார்த்து ‘ஆண்டா’ என்பது விண்ணப்பப் படிவம் பேசுவதுபோல விறைப்பாக ஒலிக்கும். அதற்குப் பதிலாக விளிச்சொல்லையே முன்னிலைச் சொல்லாகப் பயன்படுத்துங்கள். ‘நீங்கள் எங்கே வசிக்கிறீர்கள்?’ என்று கேட்பதற்கு ‘பாப்பாக் திங்கால் தி மானா?’ என்பதே இயல்பு. ‘ஐயாவுக்கு வீடு எங்கே?’ என்று நாம் கேட்பதுபோல. ‘காமு’ என்பது ‘நீ’. நெருங்கிய நண்பர்களோடும் சிறுவர்களோடும் மட்டுமே அதை வைத்துக்கொள்ள வேண்டும். தன்னைக் குறிக்க ‘ஸாயா’ எங்கும் பாதுகாப்பானது. ‘ஆக்கு’ நெருக்கத்துக்கு உரியது. நேரில் இல்லாத பெரியவரைப் பற்றிப் பேசும்போது ‘தியா’ என்பதைவிட்டு ‘பெலியாவ்’ என்றால், நம் ‘அவன்’ ‘அவர்’ ஆன கணக்கு.

தமிழர்களுக்கு மட்டும் கூடுதலாகக் கிடைக்கும் ஒரு வசதியையும் இங்கே சொல்ல வேண்டும். ‘நாம்’ என்பதற்குக் ‘கித்தா’, ‘நாங்கள்’ என்பதற்குக் ‘காமி’ என இரண்டு சொற்கள் அந்த மொழியில் உள்ளன. வேறு பல நாட்டவர் மாதக்கணக்கில் தடுமாறும் இந்த வேறுபாடு நம் வாயில் பிறவியிலிருந்தே இருக்கிறது. வீட்டுக்கு அழைத்தவரிடம் ‘நாம் சாப்பிடலாமா’ என்னும் பொருளில் ‘கித்தா’ என்று சொன்னால், அவரையும் உடன்சேர்த்துக்கொள்ளும் பரிவு அதில் ஒலிக்கும்.

மூன்றாம் படி: பொழுதுக்கேற்ற வணக்கம்

‘ஸெலாமத்’ என்பது நலம், பாதுகாப்பு என்று பொருள்படும் அரபு வேர்ச்சொல்லிலிருந்து வந்தது. அதன்பின் பொழுதின் பெயரைச் சேர்த்தால் வணக்கம் ஆகிறது. விடியலிலிருந்து ஏறக்குறைய 10 அல்லது 11 மணிவரை ‘ஸெலாமத் பாகி’. அதிலிருந்து பிற்பகல் 3 மணிவரை ‘ஸெலாமத் ஸியாங்’. 3 மணிமுதல் இருட்டும்வரை ‘ஸெலாமத் ஸோரே’. அதன்பின் ‘ஸெலாமத் மாலாம்’. நிலநடுக்கோட்டை ஒட்டிய நாடு என்பதால் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 6 மணிக்கே இருட்டிவிடும். ஆகவே இந்த எல்லைகள் பருவத்துக்குப் பருவம் பெரிதாக மாறுவதில்லை. ‘மாலாம்’ என்பது நம் ‘மாலை’ போல ஒலித்தாலும் அது இரவு என்பதை மறந்துவிடக் கூடாது. மாலை 4 மணிக்கு ‘ஸெலாமத் மாலாம்’ என்று தமிழர்கள் சொல்வதற்கு இந்த ஒலி ஒற்றுமைதான் காரணம்.

பழகியவர்களிடையே ‘ஸெலாமத்’ உதிர்ந்துவிடும். ‘பாகி, பு’, ‘ஸோரே, பாக்’ என்பதே போதும். ‘ஸெலாமத்’ உதிரலாம், விளிச்சொல் உதிரக் கூடாது.

இஸ்லாமியர் பெரும்பான்மையாக வாழும் நாடு அது. வீட்டு வாசலிலும் கூட்டத் தொடக்கத்திலும் ‘அஸ்ஸலாமு அலைக்கும்’ என்ற முகமனும் அதற்குரிய ‘வ அலைக்கும் ஸலாம்’ என்ற மறுமொழியும் நாள்தோறும் கேட்கும். பிற சமயத்தவர் தாமாக இதைச் சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. பொழுது வணக்கம் எல்லோருக்கும் பொதுவானது. பாலியில் இந்து மக்கள் கைகூப்பி ‘ஓம் ஸ்வஸ்தியஸ்து’ என்பார்கள். அங்கே நாமும் கைகூப்பி அதையே திருப்பிச் சொன்னால் மனம் மகிழ்வார்கள். அந்நாட்டு அரசு ஏற்றுள்ள ஆறு சமயங்களின் முகமன்களையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லி அமைச்சர்களும் அதிகாரிகளும் மேடைப்பேச்சைத் தொடங்குவதைத் தொலைக்காட்சியில் அடிக்கடி காணலாம். எனக்கு மிகவும் பிடித்த வழக்கங்களில் அது ஒன்று.

நான்காம் படி: நலம் விசாரிப்பும், விசாரிப்பாகத் தோன்றும் வேறு சிலவும்

‘ஆப்பா காபார்?’ என்றால் ‘என்ன செய்தி?’ என்று பொருள், நம் ‘சௌக்கியமா?’ என்ற இடத்தில் அது நிற்கிறது. ‘பாய்க், பாக்’ என்றோ ‘பாய்க்-பாய்க் ஸாஜா, பு’ என்றோ மறுமொழி சொல்லிவிட்டு, அவரையும் அதேபோல விசாரிக்க வேண்டும். தலைவலி, வீட்டு வாடகை, அலுவலகப் பிரச்சினை ஆகியவற்றை இதற்கு விடையாகச் சொல்ல வேண்டியதில்லை.

யோக்யகார்த்தாவில் நான் அறை எடுத்துத் தங்கியிருந்த வீட்டின் உரிமையாளர் அம்மா, ஒவ்வொரு நாளும் நான் படியிறங்கும்போது ‘மாவ் கெ மானா, மாஸ்?’ என்று கேட்பார். ‘எங்கே போறீங்க தம்பி?’ என்பதுதான் அதன் பொருள். முதல் வாரத்தில் அதை ஒரு கண்காணிப்பாக எடுத்துக்கொண்டு, எந்தத் தெரு, என்ன வேலை, எப்போது திரும்புவேன் என்று முழு விவரமும் ஒப்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு ஒருநாள் எதிர்வீட்டுப் பெரியவரிடம் அவர் அதே கேள்வியைக் கேட்டபோது, அந்தப் பெரியவர் நடையை நிறுத்தாமலேயே ‘ஜாலான்-ஜாலான், பு’ என்று சொல்லிவிட்டுப் போனார். ‘சும்மா இப்படி நடந்துவிட்டு வருகிறேன்’ என்பது அதன் பொருள். நம் ஊர்த் திண்ணையிலிருந்து வரும் ‘என்ன, வெளியே கிளம்பியாச்சா?’ என்ற அன்பான குரல்தான் அது என்பது அப்போது விளங்கியது.

‘ஸூதாஹ் மாக்கான்?’ என்பதைத் தமிழருக்கு விளக்கவே தேவையில்லை, ‘சாப்பிட்டாச்சா?’ என்பதன் நேர் உடன்பிறப்பு அது. சாப்பிட்டிருந்தால் ‘ஸூதாஹ், பு’, சாப்பிடவில்லை என்றால் ‘பெலும், பு’. இந்த ‘பெலும்’ என்ற சொல்லைக் கவனமாகக் கற்றுக்கொள்ளுங்கள். அதற்கு ‘இன்னும் இல்லை’ என்று பொருள். ‘திருமணம் ஆகிவிட்டதா?’, ‘குழந்தைகள் இருக்கிறார்களா?’ என்ற கேள்விகள் பழகிய சில நிமிடங்களிலேயே வந்துவிடும். அவற்றுக்கு ‘திதாக்’, அதாவது ‘இல்லை’ என்று சொல்வது கதவை அடைப்பதுபோல இருக்கும். ‘பெலும்’ என்பது கதவைச் சற்றே திறந்து வைப்பதால் கேட்டவருக்கும் ஆறுதலாக இருக்கும்.

சாப்பிடத் தொடங்குபவர், பக்கத்தில் யார் இருந்தாலும் ‘மாரி, மாக்கான்’ என்று அழைப்பார். இரயிலில் எதிர் இருக்கையில் இருப்பவர்கூட அழைப்பார். உடனே பொட்டலத்தில் கைவைத்துவிடாமல் ‘ஸிலாக்கான், பாக், தெரிமா காஸிஹ்’ என்று புன்னகையோடு மறுப்பதுதான் எதிர்பார்க்கப்படும் மறுமொழி.

ஐந்தாம் படி: வேண்டுதலுக்கு நான்கு சொற்கள்

‘தயவுசெய்து’ என்ற நம் எழுத்துத் தமிழ்ச் சொல்லின் இடத்தை அங்கே பல சொற்கள் பகிர்ந்துகொள்கின்றன. இவற்றை மாற்றிப் பயன்படுத்துவதுதான் புதியவர்கள் அதிகமாகச் செய்யும் பிழை.

பிறர் நமக்காக ஒன்றைச் செய்ய வேண்டும் என்றால் ‘தோலோங்’. உதவி என்பதே அதன் பொருள். ‘தோலோங் துத்துப் பின்து, மாஸ்’ என்றால் ‘கொஞ்சம் கதவைச் சாத்துங்கள் தம்பி’. பிறர் தமக்காக ஒன்றைச் செய்துகொள்ள நாம் இசைவு தந்தால் ‘ஸிலாக்கான்’. ‘ஸிலாக்கான் மாஸுக்’ என்றால் ‘உள்ளே வாருங்கள்’; ‘ஸிலாக்கான் தூதுக்’ என்றால் ‘உட்காருங்கள்’. அலுவலகத்தில் தண்ணீர் வேண்டும் என்று கேட்கும்போது ‘ஸிலாக்கான்’ என்றால், தண்ணீரைக் கொண்டுவருவதற்கு அவருக்கே நாம் அனுமதி வழங்குவதுபோல ஆகிவிடும். ஒரு பொருளைக் கேட்டுப் பெறுவதற்கு ‘மின்தா’ போதும்: ‘பு, மின்தா நாஸி புதிஹ் ஸாத்து’ என்றால் ‘அம்மா, வெறும் சோறு ஒன்று கொடுங்கள்’. எழுத்திலும் அறிவிப்பிலும் மிகுந்த பணிவோடு வேண்டுவதற்கு ‘மோஹோன்’. இவற்றோடு, ஒன்றைச் செய்யலாமா என்று கேட்பதற்கு ‘போலெஹ்’ உண்டு. சந்தையில் விலையைக் குறைக்கச் சொல்லும்போதுகூட ‘போலெஹ் குராங், பு?’ என்று சிரித்த முகத்தோடு கேட்டால் பேரம் இனிமையாக நடக்கும். வாக்கிய இறுதியில் ‘யா’ என்று சேர்ப்பது, நாம் ‘சரிங்களா’ என்பதுபோல, சொன்னதை மென்மையாக்கும்.

ஆறாம் படி: நன்றி, மன்னிப்பு, வழி கேட்டல்

‘தெரிமா காஸிஹ்’ என்பதில் ‘தெரிமா’ ஏற்றுக்கொள்ளுதல், ‘காஸிஹ்’ அன்பு. அதற்கு மறுமொழி ‘ஸாமா-ஸாமா’. பேச்சில் ‘மாகாஸிஹ், யா’ என்று சுருக்கமாகவும் சொல்வார்கள். தேநீர் வேண்டுமா என்று கேட்கும்போது கையைச் சற்றே உயர்த்தி ‘தெரிமா காஸிஹ்’ என்று மட்டும் சொன்னால், அது ‘வேண்டாம்’ என்று பொருள்படக்கூடும். வேண்டும் என்றால் ‘போலெஹ், பு, தெரிமா காஸிஹ்’ என்று தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது. மறுக்கும்போது, ‘சிரமப்பட வேண்டாம்’ என்ற பொருளில் ‘ஜாங்கான் ரெப்போத்-ரெப்போத், பு’ என்பது மிகவும் இதமான சொற்றொடர். அழைப்பை மறுக்க ‘லாயின் காலி, யா’, அதாவது ‘இன்னொரு முறை பார்க்கலாம்’ என்பார்கள். அதற்குத் தேதி கேட்காதீர்கள்.

‘மஅஃப்’ என்பது செய்த தவறுக்கும், கேட்கப்போகும் கேள்விக்கும் பொதுவானது. தெரியாதவரிடம் வழி கேட்பதற்கு முன் ‘மஅஃப், பாக்’ என்று தொடங்க வேண்டும். அதற்கு வரும் மறுமொழி ‘திதாக் ஆப்பா-ஆப்பா’. நம் ‘பரவாயில்லை’ செய்யும் வேலை அத்தனையையும் அது செய்யும். நோன்புப் பெருநாளாகிய ஈதுல் ஃபித்ரி நாளில் ‘மோஹோன் மஅஃப் லாஹிர் தான் பாத்தின்’ என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். ‘புறத்தாலும் அகத்தாலும் செய்த பிழைகளைப் பொறுத்தருள்க’ என்பது அதன் பொருள். அலுவலகத்தில் பிற சமயத்தவரும் கைகுலுக்கி இதைச் சொல்வதுண்டு. விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் சக ஊழியர்களிடம் நீங்களும் சொல்லுங்கள்.

‘பெர்மிஸி’ டச்சு மொழியிலிருந்து வந்த சொல். வாசலில் நின்று அழைக்கவும், கூட்டத்தில் வழி கேட்கவும், பெரியவர்களைக் கடந்து செல்லவும் அதுவே. இங்கேதான் சொல்லோடு உடம்பும் பேச வேண்டும். யோக்யகார்த்தாவில் நான் தங்கியிருந்த தெருவில் ஒரு மாலையில் மூன்று முதிய பெண்கள் வாசல் பலகையில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். பள்ளிச் சீருடையில் வந்த சிறுவன் ஒருவன், அவர்களை நெருங்கியதும் நடையின் வேகத்தைக் குறைத்து, முதுகைச் சற்றே வளைத்து, இடக்கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு, வலக்கையை முழங்கால் உயரத்துக்குத் தாழ்த்தி முன்னே நீட்டியபடி, ‘நுவுன் ஸெவு’ என்று முணுமுணுத்துக் கடந்தான். பெண்களில் ஒருவர் பேச்சை நிறுத்தாமலேயே ‘மோங்கோ’ என்றார். எல்லாம் மூன்று நொடிகளுக்குள் முடிந்துவிட்டது. ‘நுவுன் ஸெவு’ என்ற சாவக மொழித் தொடருக்கு ‘ஆயிரம் வேண்டுகிறேன்’ என்று நேர்ப்பொருள். ‘மோங்கோ’ என்றால் ‘ஆகட்டும்’. சுந்தா மக்களிடம் இதே இணை ‘புன்தென்’, ‘மாங்கா’ என்று வரும். தென் சுலவேசியில் ‘தாபே’ என்பார்கள். அந்தச் சிறுவன் செய்ததுபோலக் குனிந்து ‘பெர்மிஸி’ என்று சொல்லிக் கடக்கும் அயல்நாட்டவரைத் தெருவே நினைவில் வைத்துக்கொள்ளும்.

கையைப் பற்றி இன்னும் சில சொல்ல வேண்டும். கொடுப்பதும் வாங்குவதும் வலக்கையால் மட்டுமே. இது நமக்குப் பழக்கமானதுதான். இடக்கையால் கொடுக்க நேர்ந்துவிட்டால் ‘மஅஃப்’ என்று சொல்லிவிட வேண்டும். இடத்தையோ ஆளையோ சுட்டுவதற்கு ஆள்காட்டி விரலை நீட்டாமல், கையை மடக்கிக் கட்டைவிரலால் காட்டுவது சாவகத்தில் வழக்கம். கைகுலுக்கல் மென்மையாக இருக்கும். குலுக்கியபின் கையை மார்பில் ஒருமுறை வைப்பார்கள். சிறுவர்கள் நம் கையை எடுத்துத் தம் நெற்றியில் ஒற்றிக்கொள்வார்கள். கையை இழுத்துக்கொள்ளாமல் கொடுத்துவிடுங்கள். இடுப்பில் கைவைத்து நிற்பது அங்கே கோபத்தின் அடையாளம். நம்முடைய பக்கவாட்டுத் தலையசைப்பை ‘இல்லை’ என்று எடுத்துக்கொள்ளக்கூடும் என்பதால், ஆமோதிக்கும்போது வாயாலும் ‘யா, பாக்’ என்று சொல்லிவிடுங்கள்.

ஏழாம் படி: விடைபெறுதல்

‘போகிறேன்’ என்று சொல்லாமல் ‘போய்ட்டு வர்றேன்’ என்று சொல்லும் நமக்கு இந்தப் பகுதி உடனே பிடிபடும். பாடநூலில் உள்ள ‘ஸெலாமத் திங்கால்’ என்பது, செல்பவர் இருப்பவரிடம் சொல்வது. ஆனால் அதில் நெடும்பிரிவின் சாயல் இருப்பதால் நாள்தோறும் சொல்லமாட்டார்கள். இருப்பவர் செல்பவரிடம் சொல்வது ‘ஸெலாமத் ஜாலான்’. கூட்டத்திலிருந்து முதலில் கிளம்புபவர் ‘துலுவான், யா’ என்பார். ‘நான் முன்னே கிளம்புகிறேன்’ என்று பொருள். தெருவில் நடந்தபடியே விடைபெற ‘மாரி, பாக்’ போதும். பெரியவர் வீட்டிலிருந்து கிளம்பும்போது ‘ஸாயா பாமித் துலு, பு’ என்று விடை கேட்பது முறை. ‘ஹாத்தி-ஹாத்தி’ என்று அவர் சொன்னால், அது ‘பார்த்துப் போங்க’. ‘ஸாலாம் உந்துக் கெலுவார்கா’ என்பது ‘வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்’ என்று நாம் சொல்லி அனுப்புவதே.

எழுதும்போது

கைப்பேசியில் செய்தி அனுப்பும்போதும் இந்த ஒழுங்கு மாறாது. ‘ஸெலாமத் பாகி, பு. மோஹோன் மஅஃப் மெங்காங்கு வாக்துன்யா’ என்று தொடங்கி, பெயரைச் சொல்லி, பிறகு செய்திக்கு வர வேண்டும். ‘தங்கள் நேரத்தில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும்’ என்பது அந்த வரியின் பொருள். வணக்கம் இல்லாமல் கேள்வியை மட்டும் அனுப்பினால், அவசரத்தில் கதவைத் தட்டாமல் உள்ளே நுழைந்ததாகவே எடுத்துக்கொள்வார்கள்.

மலேசியத் தமிழர்களுக்கு ஒரு குறிப்பு

மலாய் தெரிந்தவர்களுக்கு முக்கால் பங்கு வேலை முடிந்துவிட்டது. மீதிக் கால் பங்கில்தான் கவனம் வேண்டும். ‘எஞ்சிக்’, ‘புவான்’ ஆகியவை அங்கே வழக்கில் இல்லை. ‘பாக்’, ‘பு’ என்று மாற்றிக்கொள்ளுங்கள். ‘ஜெம்புத்’ என்றால் மலேசியாவில் அழைத்தல், இந்தோனேசியாவில் நேரில் போய்க் கூட்டி வருதல். ‘பெர்சுமா’ மலேசியாவில் இலவசம், இந்தோனேசியாவில் வீண். விருந்தளித்தவரின் உணவைப் ‘பெர்சுமா’ என்று பாராட்டினால் அவர் மனம் வருந்துவார்.

மேடானில் குடியேறுபவர்களுக்குத் தமிழின் துணையும் ஓரளவு கிடைக்கும். அந்நகரின் கம்போங் மெட்ராஸ் பகுதியில் 1884இல் எழுந்த மாரியம்மன் கோயிலைச் சுற்றித் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. கடையைக் ‘கெடாய்’, கோயிலைக் ‘குயில்’, கப்பலைக் ‘காப்பால்’, பெட்டியைப் ‘பெத்தி’ என்று அந்த மொழியே சொல்வதைக் கேட்கும்போது புதிய ஊரின் அச்சம் சற்றுக் குறையும்.

இறுதிப் படி: முதல் வாரத்தில் செய்ய வேண்டியது

குடியிருப்புப் பகுதிகளின் நுழைவாயிலில், புதிதாக வந்து தங்குவோர் 24 மணி நேரத்துக்குள் தகவல் தெரிவிக்க வேண்டும் என்ற பலகையைக் காணலாம். சில பத்து வீடுகளைக் கொண்ட அந்தச் சிறு வட்டத்தின் தலைவரைப் ‘பாக் எர்தே’ என்பார்கள். கற்றதையெல்லாம் பயன்படுத்திப் பார்க்க அவர் வீட்டைவிடச் சிறந்த இடம் இல்லை. மாலை 4 மணிக்குப் பிறகு செல்லுங்கள். செருப்பை வாசலில் விடுங்கள்.

“பெர்மிஸி… ஸெலாமத் ஸோரே, பாக்.”

“ஸோரே. மாரி, ஸிலாக்கான் மாஸுக்.”

“மஅஃப் மெங்காங்கு, பாக். ஸாயா குமார், தாரி இந்தியா. ஸாயா பாரு பிண்டாஹ் கெ ஸினி.” (தொந்தரவுக்கு மன்னியுங்கள் ஐயா. நான் குமார், இந்தியாவிலிருந்து வருகிறேன். இங்கே புதிதாகக் குடிவந்திருக்கிறேன்.)

“திதாக் ஆப்பா-ஆப்பா. ஸிலாக்கான் தூதுக், மாஸ்.”

தேநீர் வரும். வந்ததும் எடுத்துக் குடித்துவிடாதீர்கள். ‘ஸிலாக்கான் திமினும்’ என்று அவர் சொல்லும்வரை காத்திருந்து, சொன்னபின் ஒரு வாயாவது குடிக்க வேண்டும். தொடாமல் வைத்துவிட்டு வருவது வருத்தம் தரும். கடவுச்சீட்டின் நகலைக் கொடுங்கள். திருமணம், குழந்தை, ஊர், சம்பளம் ஆகியவை பற்றிக் கேட்பார். ‘பெலும்’ என்ற சொல் பயன்படும் இடம் இது. கால் மணி நேரம் கழிந்ததும் எழுந்திருக்கலாம்.

“ஸாயா பாமித் துலு, பாக். தெரிமா காஸிஹ் வாக்துன்யா.”

“ஸாமா-ஸாமா. காப்பான்-காப்பான் மாயின் கெ ஸினி லாகி, யா.”

‘வாய்ப்புக் கிடைக்கும்போது மறுபடியும் வாருங்கள்’ என்பது அவர் சொன்னதன் பொருள். ‘மாயின்’ என்பதற்கு விளையாடுதல் என்றுதான் நேர்ப்பொருள்; நட்பாக ஒருவர் வீட்டுக்குப் போய் வருவதையும் அந்தச் சொல்லாலேயே குறிப்பார்கள். ‘பாய்க், பாக்’ என்று சொல்லி, வலக்கையைத் தந்து, மார்பில் வைத்துவிட்டுக் கிளம்புங்கள். மறுநாள் காலை அலுவலகத்துக்குப் போகும்போது அவர் வாசலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார். ‘மாவ் கெ மானா, மாஸ்?’ என்று கேட்பார். ‘கெ கான்தோர், பாக். மாரி’ என்று சொல்லிவிட்டு, சற்றே குனிந்து கடந்து செல்லுங்கள்.